சர்வர் பழசு, அதுக்கு என்ன இப்போ? – "அப்கிரேட் பண்ணு" கோஷ்டிக்கு ஒரு பதில்

ரொம்ப நாளா மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருந்த விஷயம் இது. இன்னைக்கு ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால எழுதித் தீர்த்துடலாம்னு உக்காந்துட்டேன். பொட்டி தட்டாத நண்பர்களுக்கும் புரியுற மாதிரி எழுத முயற்சி பண்றேன். பதிவு கொஞ்சம் நீளம். நடுவுல கொட்டாவி வந்தா ஒரு டீ குடிச்சுட்டு வந்து தொடருங்க :-)

நாலு பொட்டி தட்டுறவங்க இருக்கிற இடத்துல போய், "சென்ட்ஓஎஸ் 7 மெஷின்ல பைத்தான் 3.11-ஐ சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்றேன், இந்த இடத்துல அடி வாங்குது, என்ன பண்ணலாம்?"னு கேட்டுப் பாருங்க. மூணு விதமான பதில் வரும்.

ஒண்ணு: "சென்ட்ஓஎஸ் 7-ஆ? இன்னுமா?" (கூடவே ஒரு நமட்டுச் சிரிப்பு.)
ரெண்டு: "முதல்ல அப்கிரேட் பண்ணுப்பா."
மூணு: "எதுக்கு இந்தத் தலைவலி, டாக்கர்ல போடு."

கேட்ட கேள்விக்கு இதுல ஒண்ணாவது பதிலா? பசிக்குதுன்னு வந்தவன்கிட்ட "ஏன் வீட்ல சமைக்கல?"னு கேக்குற மாதிரி இருக்கு. இதைச் சொல்றவங்க எல்லாருமே "நான் ஓப்பன் சோர்ஸ் ஆதரவாளன்"னு மார்தட்டுறவங்க. கோபம் வர்றது அங்கதான்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். சோர்ஸ் நெட்ல கிடைச்சா மட்டும் ஒரு மொழி திறந்த மொழி ஆயிடாது. நம்ம கையில இருக்கிற மெஷின்ல அதை நாமே கம்பைல் பண்ணி ஓட்ட முடியணும். அந்த வழியைத் திறந்து வைக்கிறது மொழி செய்யறவங்க கடமை. அந்த வழியில நடக்கத் தெரிஞ்சுக்கிறது நம்ம கடமை. "அப்கிரேட் பண்ணு" தொழில்நுட்பப் பதிலே இல்ல, அது பர்ஸ் கனமா இருக்கிறவன் சொல்ற பதில்.

*

பழைய மெஷின்ல இருக்கிறவன் சோம்பேறியா?

தெரியாதவங்களுக்கு: ரெட்ஹேட் கம்பெனி காசுக்கு ஆதரவு குடுக்கிற லினக்ஸோட சோர்ஸை எடுத்து, இலவசமா மறுபடி கம்பைல் பண்ணிக் குடுத்ததுதான் சென்ட்ஓஎஸ். அதோட 7-ஆம் பதிப்பு 2014 ஜூலையில வந்தது. 2024 ஜூன் 30-ஓட ஆதரவு முடிஞ்சது. பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்துல காலேஜ் லேப், சின்னக் கம்பெனி சர்வர், ஆராய்ச்சிக்கூட கிளஸ்டர்னு எங்க பார்த்தாலும் அதுதான்.

"அப்போ 8-க்குப் போயிருக்க வேண்டியதுதானே?" நல்ல கேள்வி. 8 வந்தது 2019 செப்டம்பர்ல. 2029 வரைக்கும் ஆதரவுன்னு சொல்லியிருந்தாங்க. அதை நம்பி மாறினவங்க தலையில 2020 டிசம்பர்ல ஒரு அறிவிப்பு இறங்கிச்சு: 2021 டிசம்பர் 31-ஓட 8 காலி. அதாவது, சொன்ன பேச்சைக் கேட்டு அப்கிரேட் பண்ணின நல்ல பிள்ளை 2021-லேயே நடுத்தெருவுல நின்னான். 7-லேயே சட்டமா உக்காந்திருந்தவனுக்கு 2024 வரைக்கும் பேட்ச் வந்துச்சு. இப்ப சொல்லுங்க, யாரு சோம்பேறி, யாரு புத்திசாலி?

இன்னொண்ணு. ரெட்ஹேட் 9-ஆம் பதிப்புக்கு எக்ஸ்86-64-வி2 ரகப் பிராசஸர் வேணும். 2025 மே மாசம் வந்த 10-ஆம் பதிப்புக்கு வி3 ரகம் வேணும். இன்டெல் பக்கம் அது 2013-ல வந்த ஹாஸ்வெல்லுக்கு அப்புறம்தான். அதுக்கு முந்தின பொட்டியில 10 ஏறவே ஏறாது. "ஓஎஸ் அப்கிரேட் பண்ணு"ன்னு நீங்க வாயால சொல்றது, இன்னொருத்தனுக்கு "பொட்டியைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு"ன்னு கேக்குது.

நான் ஏன் இந்த வம்புல மாட்டினேன்னும் சொல்லிடறேன். பேர் வேண்டாம், ஒரு சின்ன சோதனைக்கூடம், எங்க வாடிக்கையாளர். அங்க ஒரு அளவெடுக்கிற கருவி. அது கம்ப்யூட்டரோட பேசுறது ஒரு பிசிஐ கார்டு வழியா. அந்தக் கார்டுக்கான டிரைவரைக் கருவி செஞ்ச கம்பெனி பைனரியா மட்டும்தான் குடுத்திருக்கு, அதுவும் சென்ட்ஓஎஸ் 7-ஓட 3.10 கெர்னலுக்குன்னே கம்பைல் பண்ணினது. சோர்ஸ் கிடையாது. புது டிரைவர் கேட்டா, "புதுக் கருவி வாங்குங்க, பல லட்சம் ஆகும்"ங்கிறாங்க. கருவியில ஒரு குறையும் இல்ல, தங்கமா வேலை செய்யுது. லேப்காரங்களுக்கு வேண்டியது, அளவுகளைப் புது முறையில கணக்குப் போட்டு ஒரு ரிப்போர்ட். அதுக்கான லைப்ரரிக்குப் புதுப் பைத்தான் வேணும். மெஷின்ல கூட வந்தது பைத்தான் 2.7.5, அது 2020 ஜனவரி 1-லயே ஓய்வு வாங்கிடுச்சு. யம் வழியா கிடைக்கிறது 3.6, அதுவும் 2021 டிசம்பரோட முடிஞ்சது.

இந்த லேப் முதலாளிகிட்டப் போய் "அப்கிரேட் பண்ணுங்க சார்"னு சொல்ல எனக்கு வாய் வரல. சோர்ஸைக் கையில எடுத்தேன்.

*

அஞ்சு சுவர்

லேப் மெஷின்ல கை வைக்கல. அதே சென்ட்ஓஎஸ் 7-ஐ ஒரு விர்ச்சுவல் மெஷின்ல ஏத்தி, அங்க கம்பைல் பண்ணி, முடிஞ்சதைப் பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போறதுதான் திட்டம். வழியில முட்டின சுவர்களை வரிசையா சொல்றேன். அடுத்து வர்றவனுக்கு உதவும்.

முதல் சுவர்: யம். எந்தப் பேக்கேஜ் கேட்டாலும் மிரர்லிஸ்ட் சர்வரோட பேரே கிடைக்கலன்னு கத்தும். ஆதரவு முடிஞ்சதும் அந்த சர்வரை நிறுத்திட்டாங்க. பேக்கேஜ் எல்லாம் சென்ட்ஓஎஸ்ஸோட வால்ட்டுக்கு, அதாவது பழைய சரக்கு வைக்கிற கிடங்குக்குப் போயிடுச்சு. ரெப்போ ஃபைல்கள்ல மிரர்லிஸ்ட் வரியை எடுத்துட்டு, வால்ட் முகவரியைப் போட்டா உயிர் வரும்.

ரெண்டாவது சுவர்: எஸ்எஸ்எல். இதுலதான் பாதிப் பேர் விழறாங்க. கான்ஃபிகர் ஓடும், மேக் ஓடும், எல்லாம் சுபமா முடியும். பைத்தானும் ஜோரா எழுந்து நிக்கும். அப்புறம் பிப் ஓட்டினா, எஸ்எஸ்எல் மாட்யூலே இல்லைன்னு கையை விரிக்கும். காரணம், பைத்தான் 3.10-ல இருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-ஆவது வேணும் (பெப் 644). சென்ட்ஓஎஸ் 7-ல இருக்கிறது 1.0.2. அதைப் பார்த்ததும் பைத்தான் பில்ட் நின்னுடாது. எஸ்எஸ்எல்லை மட்டும் விட்டுட்டு மேல போயிடும். மேக் முடியிறப்ப, கிடைக்காத மாட்யூல் பட்டியல்ல ஒரு வரி சொல்லும். ஆயிரம் வரி ஓடுற ஸ்க்ரீன்ல அந்த ஒரு வரியை யாரு படிக்கிறா?

மூணாவது சுவர்: அந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லை நாமே கம்பைல் பண்றது. 1.1.1 சுலபமா ஏறும், ஆனா அதுக்கே 2023 செப்டம்பர்ல ஆயுசு முடிஞ்சாச்சு. சரி, 3-க்குப் போவோம்னா, அதோட கான்ஃபிகர் பெர்ல்ல எழுதினது. ஐபிசி கமாண்ட்ங்கிற பெர்ல் மாட்யூல் இல்லைன்னு நிக்கும். யம்ல அதுக்கான பெர்ல் பேக்கேஜ் இருக்கு, போட்டா போகும். அடுத்து, ஓப்பன்எஸ்எஸ்எல் 3 தன்னோட லைப்ரரியை லிப்64 ஃபோல்டர்ல வைக்கும். பைத்தான் கான்ஃபிகர் லிப் ஃபோல்டர்ல போய்த் தேடும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்காம கல்யாணம் நின்னு போகும் :-) ஓப்பன்எஸ்எஸ்எல்லை கான்ஃபிகர் பண்ணும்போதே லிப்டிர் ஆப்ஷன்ல லிப்புன்னு சொல்லிடணும்.

நாலாவது சுவர்: வேகம். பைத்தான் கான்ஃபிகர்ல ஆப்டிமைசேஷன்ஸை இயக்கச் சொல்லி ஒரு ஆப்ஷன் உண்டு. எல்லா வழிகாட்டியிலும் கண்ணை மூடிட்டு அதைப் போடச் சொல்லுவாங்க. சென்ட்ஓஎஸ் 7-ஓட ஜிசிசி 4.8.5-ல அதைப் போட்டா, ரன்பை மாட்யூலை இம்போர்ட் பண்ண முடியலன்னு பில்ட் நடுவுல செத்துடும். வழி ரெண்டு. அந்த ஆப்ஷனைத் தூக்கிடலாம். இல்ல, டெவ்டூல்செட் வழியா புது ஜிசிசி போட்டுக்கலாம். அதே சென்ட்ஓஎஸ் 7-லயே ஜிசிசி 11 வரைக்கும் கிடைக்குது. பழைய ஓஎஸ்ல புதுக் கம்பைலர் ஓடாதுன்னு யாரு சொன்னா?

அஞ்சாவது சுவர்: கடைசி கமாண்ட். மேக் இன்ஸ்டால் இல்ல, மேக் ஆல்ட்இன்ஸ்டால். முதலாவது, பைத்தான்3-ங்கிற பேரைப் புதுசுக்குக் குடுத்து, ஓஎஸ்ஸோட வந்த பழசை மறைச்சுடும். ரெண்டாவது, 3.11-ங்கிற நம்பரோட தனியா ஓரமா உக்காரும். இன்னும் மோசம், சிலர் பைத்தான்ங்கிற சிஸ்டம் லிங்கையே 3-க்குத் திருப்பி விடறது. யம் எழுதினதே பைத்தான் 2-ல. திருப்பி விட்ட அடுத்த நிமிஷம் யம்மை ஓட்டினா சின்டாக்ஸ் எர்ரர். அப்புறம் பேக்கேஜ் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது, அவ்வ்வ்வ்.

போனஸா ஒண்ணு: ஜாங்கோ 2.2-க்கு அப்புறம் எஸ்கியூலைட் 3.8.3-ஆவது வேணும். சென்ட்ஓஎஸ் 7-ல 3.7.17. அதையும் சோர்ஸ்ல இருந்து ஏத்தணும். நமக்கு ஜாங்கோ தேவைப்படல, தப்பிச்சோம்.

கம்பைல் பண்ணினதெல்லாம் ஒரே ஃபோல்டருக்குள்ள. அதை டார் போட்டு லேப் மெஷின்ல விரிச்சாச்சு. கருவி பேசுது, ரிப்போர்ட் வருது. பல லட்சம் கேட்ட வேலை, ரெண்டு நாள் உழைப்புல முடிஞ்சது. சோர்ஸ் கையில இருந்ததால முடிஞ்சது. டிரைவர் சோர்ஸ் மட்டும் கையில இருந்திருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது!

*

மொழி செய்யறவங்களைத் திட்டறேனா?

இல்ல. பெப் 644 சரியான முடிவு. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2-ஐ ஒரு மொழி எத்தனை வருஷம்தான் முதுகுல சுமக்கும்? அதே பைத்தான் 3.10-லதான், தனியா கம்பைல் பண்ணின ஓப்பன்எஸ்எஸ்எல் எங்க இருக்குன்னு பைத்தானுக்குள்ளயே பதிச்சு வைக்கிற ஆர்பாத் ஆப்ஷனும் வந்துச்சு. வாசலை உசத்தினவங்களே ஒரு படியும் வச்சாங்க. அதுதான் மரியாதை. "எஸ்எஸ்எல் இல்லாம பில்ட் ஆகுது, பரவாயில்லையா?"ன்னு கான்ஃபிகர்லயே உரக்கக் கேட்டிருந்தா இன்னும் ரெண்டு கும்பிடு போட்டிருப்பேன்.

படி வைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. பிரேசில்ல இருந்து வந்த லுவாவைப் பாருங்க. சுமார் 30,000 வரி சி. வேற எதையும் கேக்காது. சி கம்பைலர் இருக்கிற எந்தப் பொட்டியிலயும் ஒரு மேக், டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

கோ மொழியோட கம்பைலர் 1.4 வரைக்கும் சி-ல இருந்துச்சு. 2015 ஆகஸ்ட்ல வந்த 1.5-ல இருந்து கோ-லயே எழுதிட்டாங்க. கோ-வைக் கம்பைல் பண்ண கோ வேணும். கோழியா முட்டையா கதைதான். ஆனா வழியை மறைக்கல. 1.4-ஐ சி-ல கம்பைல் பண்ணு, அதை வச்சு 1.17, அதை வச்சு 1.20, அதை வச்சு 1.22, அதை வச்சு 1.24. எந்தப் பதிப்புக்கு எது வேணும்ங்கிறதுக்கு ஒரு விதியே எழுதி வச்சிருக்காங்க. ஏணியில எத்தனை படின்னு தெரிஞ்சா எவனும் ஏறிடுவான்.

ரஸ்ட்டுல ஏணி ரொம்ப நீளம். முதல் கம்பைலர் ஓகாமல்ல எழுதினது. அப்புறம் ஒவ்வொரு பதிப்பையும் கம்பைல் பண்ண அதுக்கு முந்தின பதிப்பு வேணும். நல்லவேளை, எம்ரஸ்ட்சின்னு சி++ல வெளியாள் ஒருத்தர் எழுதின கம்பைலர் குறுக்கு வழி காட்டுது. ஆனா ஒரு விஷயத்துல ரஸ்ட்காரங்களைப் பாராட்டணும். 2022-ல ஜிலிப்சி குறைந்தபட்சத்தை 2.17-க்கு உசத்தினப்ப, பதிப்பு வர்றதுக்கு முன்னாடியே பகிரங்கமா அறிவிச்சாங்க. அந்த 2.17 எது தெரியுமா? சென்ட்ஓஎஸ் 7-ஓட ஜிலிப்சிதான் :-)

கதவைச் சாத்தற ரகமும் உண்டு. 2021 பிப்ரவரியில பைத்தானோட கிரிப்டோகிராஃபி லைப்ரரி 3.4-ல ரஸ்ட்டை உள்ள கொண்டு வந்தாங்க. மெமரி பாதுகாப்புதான் காரணம், நியாயமான காரணம். ஆனா மறுநாள் காலையில உலகம் பூரா பில்ட் செத்துக் கிடந்துச்சு. பைத்தான் லைப்ரரிதானேன்னு இருந்தவன் மெஷின்ல ரஸ்ட் கம்பைலர் இல்ல. ஆல்ஃபா, ஐடேனியம் மாதிரி சில பழைய பிராசஸர்களுக்கு வழியே அடைஞ்சு போச்சு. முடிவு சரியா தப்பான்னு நான் சண்டைக்கு வரல. முடிவை எடுக்கிற மேசையில பழைய மெஷின்காரனுக்கு ஒரு நாற்காலி இல்லையேங்கிறதுதான் என் சண்டை.

*

நமட்டுச் சிரிப்பு சிரிச்சவங்களுக்கு

"சென்ட்ஓஎஸ் 7-ஆ, இன்னுமா"ன்னு சிரிச்சீங்கல்ல? உங்க பளபளா லேப்டாப்ல பிப் இன்ஸ்டால் அடிச்சு, ரெண்டு செகண்ட்ல கம்பைல் பண்ணின பைனரி லைப்ரரி வந்து இறங்குதே, அது எங்க சமைச்சதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

மெனிலினக்ஸ்னு ஒரு ஏற்பாடு. எல்லா லினக்ஸ்லயும் ஓடுற மாதிரி பைத்தான் பேக்கேஜைப் பைனரியாவே குடுக்கிறதுக்காக 2016-ல ஆரம்பிச்சது. அதோட முதல் பதிப்புக்கு அடித்தளம் சென்ட்ஓஎஸ் 5. மெனிலினக்ஸ்2010-க்கு சென்ட்ஓஎஸ் 6. மெனிலினக்ஸ்2014-க்கு, கைதட்டுங்க மக்களே, சென்ட்ஓஎஸ் 7.

ஏன் பழசுல போய்ச் சமைக்கணும்? ஜிலிப்சி-ல ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பதிப்பு முத்திரை இருக்கு. பழைய ஜிலிப்சி-ல கம்பைல் பண்ணினது புதுசுல ஓடும். புதுசுல கம்பைல் பண்ணினது பழசுல ஓடாது. அதனால எல்லாருக்கும் சாப்பாடு போடணும்னா இருக்கிறதுலயே பழைய அடுப்புல சமைக்கணும். நீங்க சிரிச்ச அந்த அடுப்புலதான் பல வருஷமா உங்க சாப்பாடு வெந்துச்சு.

இதே முத்திரையைத் தலைகீழாப் பிடிச்சா என்ன ஆகும்னும் பார்த்தோம். 2022-ல வந்த நோட் 18-ஓட அதிகாரப்பூர்வ பைனரி ஜிலிப்சி 2.28 கேட்டுச்சு. சென்ட்ஓஎஸ் 7-ல ஏறல. 2024 தொடக்கத்துல விஎஸ் கோட் 1.86-உம் ரிமோட் சர்வர்ல அதே 2.28 வேணும்னுச்சு. பழைய சர்வர்ல ரிமோட்டா வேலை பார்த்தவங்க எல்லாம் ஒரே நாள்ல வெளிய. கூச்சல் கிளம்பினதும் அவகாசம் குடுத்தாங்க. கூச்சல் போட அத்தனை பேர் இருந்தாங்கங்கிறதைக் கவனிங்க. "யாருமே பயன்படுத்தல"ன்னு சொல்றது பொய்.

*

எதிர்க்கட்சி வாதம்

"டாக்கர்ல போடு": சில இடத்துல நல்ல வழிதான், மறுக்கல. ஆனா அதுவும் அந்தப் பழைய கெர்னல் மேலதான் உக்காருது. பழைய டாக்கர்ல உபுண்டு 22.04 மாதிரி புது இமேஜை ஏத்தினா, குளோன்3 சிஸ்டம் காலைப் பழைய செக்காம்ப் விதி தடுத்து, திரெட் கூட உருவாக்க முடியாம முழிக்கும். அப்ப அங்க டாக்கரை அப்கிரேட் பண்ணணும். சுத்திச் சுத்திச் சுப்பன் கொல்லையிலதான். டாக்கர் இமேஜ்ங்கிறது யாரோ ஒருத்தர் எங்கயோ கம்பைல் பண்ணின பைனரிங்கிறதையும் மறந்துடாதீங்க.

"பாதுகாப்பு": இதுதான் கனமான வாதம். பேட்ச் வராத ஓஎஸ்ஸை இன்டர்நெட்ல நிறுத்தி வைக்கிறது ஆபத்து. நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். வாசல்ல நிக்கிற வெப் சர்வரா இருந்தா நானே மாத்துங்கன்னு தலைகீழா நின்னு சொல்லுவேன். ஆனா நம்ம லேப் மெஷின் நெட்லயே இல்ல. உள்ள போறதும் வெளிய வர்றதும் பென்டிரைவ்ல. இன்னொரு கோணமும் இருக்கு. மாத்தவே முடியாத மெஷின்ல பாதுகாப்பான ஓப்பன்எஸ்எஸ்எல் வேணும்னா ஒரே வழி என்ன? சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்றது. "பாதுகாப்பு முக்கியம், அதனால உனக்கு வழி சொல்ல மாட்டேன்"ங்கிறது எந்த ஊர் நியாயம்?

பாதுகாப்புன்னு பேச்சு வந்ததால இதையும் சொல்லணும். கென் தாம்ப்ஸன் ட்யூரிங் விருது வாங்கினப்ப ஆற்றின உரை 1984-ல அச்சுல வந்துச்சு. கம்பைலருக்குள்ளயே கள்ளச் சாவியை ஒளிச்சு வைக்கலாம், சோர்ஸைப் பார்த்தா தெரியவே தெரியாது, அந்தக் கம்பைலர் தன்னையே கம்பைல் பண்ணும்போது சாவியும் கூடவே போகும்னு காட்டினார். நாப்பது வருஷம் கழிச்சும் அந்தப் பயம் போகல. அதுக்குப் பதிலா 2023 ஏப்ரல்ல கூய்க்ஸ் ஆளுங்க, 357 பைட் விதை ஒண்ணுல ஆரம்பிச்சு, படிப்படியா ஜிசிசி வரைக்கும் சோர்ஸ்ல இருந்தே எழுப்பிக் காட்டினாங்க. 357 பைட்! இந்தப் பதிவோட ஒரு சின்னப் பத்தி அதைவிடப் பெருசு. சோர்ஸ்ல இருந்து எழுப்புற வழி கிழவங்க பொழுதுபோக்கு இல்ல, கம்ப்யூட்டரை நம்பறதுக்கான அடிப்படைன்னு புரிஞ்சவங்க அவங்க.

*

நம்மளையும் ரெண்டு திட்டு

எல்லாத்தையும் வெளிநாட்டுக்காரன் மேலயே போட்டா எப்படி? நாம எஞ்சினியரிங் படிச்ச லட்சணத்தையும் பார்ப்போம். கம்பைலர் டிசைன்னு ஒரு பேப்பர் படிச்சோம். டிராகன் படம் போட்ட புத்தகம். பார்ஸிங் டேபிளைக் கட்டம் கட்டமாப் போட்டு 16 மார்க் வாங்கினோம். ஆனா ஒரு நிஜக் கம்பைலரோட டார்பாலைப் பிரிச்சு, கான்ஃபிகர் அடிச்சு, அது என்ன கேக்குதுன்னு படிச்சுப் பார்த்தவங்க வகுப்புல எத்தனை பேர்? மொழின்னா நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்னு அழுத்தினா வர்ற சாமான்னு நெனச்சே வெளிய வந்தோம்.

அப்புறம் வேலைக்கு வந்து, எர்ரர் வந்தா முதல் வரியைக் காப்பி பண்ணித் தேடறது, இப்பல்லாம் சாட்பாட்கிட்ட ஒட்டறது. அது சொன்ன கமாண்டை அப்படியே அடிக்கறது. கான்ஃபிக் லாகைத் திறந்து பாருங்க. நான் எதைத் தேடினேன், எங்க தேடினேன், ஏன் கிடைக்கலன்னு பிள்ளை மாதிரி ஒளிவு மறைவில்லாம எழுதி வச்சிருக்கும். படிக்கத்தான் ஆள் இல்ல. "அப்கிரேட் பண்ணு"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு உண்மையில பதில் தெரியாது. தெரியாததை மறைக்க அது நல்ல போர்வை.

*

சரி, என்னதான் பண்ணச் சொல்ற?

1. யாராவது பழைய ஓஎஸ்ல பில்ட் ஆகலன்னு கேட்டா, முதல்ல கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க. அறிவுரை அப்புறம். பதில் தெரியலன்னா "தெரியல"ன்னு சொல்றது கேவலம் இல்ல.

2. மொழியோ லைப்ரரியோ செய்யற இடத்துல நீங்க இருந்தா, குறைந்தபட்சம் எந்த ஜிலிப்சி, எந்தக் கம்பைலர், எந்த ஓப்பன்எஸ்எஸ்எல்னு வெளிப்படையா எழுதி வைங்க. உசத்தறதுக்கு முன்னாடி சொல்லுங்க. ஒண்ணு குறைஞ்சா கான்ஃபிகர்லயே உரக்கக் கத்த விடுங்க, கடைசி வரைக்கும் ஓட விட்டுக் கழுத்தறுக்காதீங்க.

3. வேலை செய்யற டார்பாலை எடுத்துப் பத்திரப்படுத்துங்க. சர்வர்கள் ஒருநாள் காணாமப் போகும், மிரர்லிஸ்ட் போன மாதிரி. உங்க பென்டிரைவ் உங்ககிட்டயே இருக்கும்.

4. நம்ம பதிவர்களுக்கு: நீங்க முட்டின சுவரையும் ஏறின விதத்தையும் பதிப்பு எண்ணோட தமிழ்ல எழுதி வைங்க. "இன்ஸ்டால் ஆயிடுச்சு, நன்றி"ன்னு ஒத்தை வரி போட்டுட்டு ஓடிடாதீங்க. ஏதோ ஒரு ஊர்ல, ஏதோ ஒரு லேப்ல, பழைய பொட்டி முன்னாடி தலையில கை வச்சு உக்காந்திருக்கிற ஒரு பொண்ணுக்கோ பையனுக்கோ அதுதான் கைவிளக்கு.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமாப் பின்னூட்டத்துல சண்டைக்கு வாங்க. ஒரே ஒரு நிபந்தனை: "அப்கிரேட் பண்ணு"ன்னு எழுதினா, அதுக்கான பில்லை யாரு கட்டறதுங்கிறதையும் சேர்த்து எழுதணும்.

டிஸ்கி: இந்தப் பதிவைப் படிச்சுட்டு ஆபீஸ் புரொடக்‌ஷன் சர்வர்ல சிஸ்டம் பைத்தான் லிங்கைத் திருப்பி விட்டு, யம் செத்துப் போச்சுன்னு வந்தா கம்பெனி பொறுப்பேற்காது. மேக் ஆல்ட்இன்ஸ்டால், மேக் ஆல்ட்இன்ஸ்டால்னு பத்து தடவை எழுதிப் பாருங்க :-))